சீட்டு எங்கே?

ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்கள் 20 ஆம் நாளை உலக மகிழ்ச்சி நாள் என்று கொண்டாடுகின்றனர். ஐக்கிய நாடுகள் அவை 2012 ஆம் ஆண்டில் அவ்வாறு முடிவு செய்தது. அந்த முடிவுக்கு வழிகோலிய நாடு எது? படைபலம் மிக்க வல்லரசன்று. பொருட்குவியலில் புரளும் பெருநாடுமன்று. இமயத்தின் மடியில், இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடையே, ஏறத்தாழ 38,000 சதுரக் கிலோமீட்டர் பரப்பில் ஒடுங்கிக் கிடக்கும் பூட்டான். எட்டு இலட்சத்தைத் தொடாத மக்கள் தொகை. நாட்டின் செல்வத்தை அளப்பதினும் மக்களின் மகிழ்ச்சியை அளப்பதே மேல் என்று உலகுக்குச் சொன்ன நாடு அது. சொன்னதோடு நிற்கவில்லை, ஒன்பது துறைகள், முப்பத்து மூன்று அளவைகள் என்று கணக்கு வகுத்து, வீடுவீடாகச் சென்று, "மகிழ்வுடன் வாழ்கின்றீரா?" என்று மக்களைக் கேட்டும் வருகிறது.

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, அதே நாட்டு அதிகாரிகள் தென்பகுதிச் சிற்றூர்களில் வீடுவீடாகச் சென்று வேறொரு கேள்வியைக் கேட்டனர். "1958 ஆம் ஆண்டில் நிலவரி கட்டிய சீட்டு எங்கே?" என்பது அது. இரண்டாம் கேள்வியை உலகம் அறியும். முதற் கேள்வியை அறிந்தோர் சிலரே. அந்தச் சீட்டின் கதையைத்தான் நாம் இங்கே எழுதப் புகுந்துள்ளோம்.

எள்ளி நகையாட எழுதவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பூட்டான் அடைந்த முன்னேற்றம் போலியன்று. அதனால்தான் இக்கதை நம்மை வாட்டுகிறது. கொடுங்கோலன் ஒருவன் கொடுமை செய்தான் என்றால் அதில் வியப்பென்ன? பள்ளி திறந்த கை, மருந்து கொடுத்த கை, அடிமை விலங்கை அறுத்த கை, அந்தக் கையே தன் குடிமக்களில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கினரை வீட்டைவிட்டுத் தள்ளியது என்றால், அது எப்படி நேர்ந்தது என்று நின்று கேட்க வேண்டாமா?

பூட்டானை ஒரு நாடாகக் கட்டியவர், 1616 இல் திபெத்திலிருந்து வந்த ஷப்துருங் நகவாங் நம்கியால் என்னும் பௌத்தத் துறவி. அவர் எழுப்பிய கோட்டைகளுக்கு ட்சோங் என்று பெயர். மடமும் அதுவே, மாவட்டக் கச்சேரியும் அதுவே. கோட்டையில் பேசிய மொழி ஆதலின் ட்சோங்கா என்று அம்மொழி பெயர் பெற்றது. மேற்குப் பகுதியாரின் தாய்மொழி அது. கிழக்கே வாழும் சார்சோப் மக்களுக்கு மொழி வேறு. மற்றும் பள்ளத்தாக்குக்கு ஒன்றாகச் சிறுமொழிகள் பல. ஒரு மொழி, ஓர் இனம் என்ற நாடாக அது என்றுமே இருந்ததில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னர் வேண்டியிருக்கும்.

வெள்ளையரோடு 1864, 1865 ஆண்டுகளில் போர் மூண்டது. தோற்ற பூட்டான் அடிவாரத்து வளநிலங்களை இழந்தது. ஈடாக ஆண்டுக்கு 50,000 ரூபாய் உதவித்தொகை பெற்றது. பிறகு குறுநிலத் தலைவர்களின் பூசல். பூசலில் வென்ற உக்யென் வாங்சுக்கை 1907 டிசம்பர் 17 ஆம் நாள் பரம்பரை மன்னராக முடிசூட்டினர். இன்றுள்ள அரச மரபு அவருடையதே. தொன்மை வாய்ந்த முடி என்று பலர் எண்ணுகின்றனர். நூறாண்டுகளைச் சற்றே கடந்த முடிதான்!

அந்த நூற்றாண்டுத் திருப்பத்தில்தான் தெற்கே ஓர் ஓசை கேட்கத் தொடங்கியது, கோடரியின் ஓசை. வடக்கத்திக் குளிரில் வாழ்ந்தோர் தென்புற அடிவாரக் காட்டுக்கு அஞ்சினர். புழுக்கமும் மலேரியாக் காய்ச்சலும் ஆளை விழுங்கிய காடு அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அந்தக் காட்டுக்கு நேபாள உழவர் வந்தனர். மரத்தை வெட்டினர், மேட்டைத் திருத்தினர், படிப்படியாக வயல் அமைத்தனர். நெல் விளைந்தது, ஆரஞ்சுத் தோட்டம் தழைத்தது, ஏலக்காய் மணத்தது. விளைந்த மண்ணுக்கு வரி கேட்டனர், கட்டினர். காடு கழனியான பிறகு அவர்களுக்கு ஒரு பெயரும் வந்தது. லோட்சாம்பா, அதாவது தென்புறத்தார். நேபாளி பேசினர், பெரும்பாலோர் இந்துக்கள். அவர்களுக்குள்ளும் மேற்சாதி, கீழ்ச்சாதி என்னும் நோய் உடன் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மலையேறி வந்தவர்கள் மூட்டையோடு அதையும் சுமந்துதானே வந்தார்கள்!

மூன்றாம் மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் 1952 இல் ஆட்சிக்கு வந்தார். நாம் முடியாட்சியைப் போற்றுவோர் அல்லோம். ஆயினும் இம்மனிதர் செய்தவற்றைச் செய்யவில்லை என்று எழுத மனம் வராது. 1953 இல் தேசியப் பேரவையைக் கூட்டினார். தலைமுறை தலைமுறையாகப் பெருவீடுகளிலும் மடங்களிலும் உழைத்துத் தேய்ந்த கொத்தடிமைகளை 1958 ஆம் ஆண்டையொட்டி விடுவித்தார். உழுவதற்கு நிலமும் தரச் செய்தார். மண்ணில் உழைத்தவன் அந்த மண்ணில் தன் பெயரைக் காணும் நாள் வந்தது.

தெற்கேயும் ஒரு மாற்றம். தென்புறத்தார் சிலர் 1952 இல் அசாமில் கூடிப் பூட்டான் அரசுக் காங்கிரசு என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தனர். 1954 இல் சர்பாங் பகுதியில் அவர்கள் நடத்திய அறப்போர் மீது துப்பாக்கி வெடித்தது, உயிர்கள் மாய்ந்தன. இயக்கம் அடங்கியது; கோரிக்கை அடங்கவில்லை. 1958 ஆம் ஆண்டில் குடியுரிமைச் சட்டம் பிறந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் நாட்டில் வாழ்ந்து, சொந்த நிலம் வைத்திருப்போர் மன்னரிடம் விண்ணப்பித்துப் பூட்டான் குடிகள் ஆகலாம் என்றது அச்சட்டம். காடழித்த உழவனுக்கு நாடு கிடைத்தது. அடிமைக்கு நிலம், அயலானுக்கு நாடு! 1958 என்னும் எண் பூட்டான் ஏழைக்கு அன்று ஒரு திறந்த கதவின் பெயராக இருந்தது.

அதே ஆண்டில்தான் நேரு பூட்டானுக்குச் சென்றார். எப்படிச் சென்றார்? காரில் அன்று, வானூர்தியில் அன்று. சிக்கிமிலிருந்து நாதுலாக் கணவாயைக் கடந்து, திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு வழியே, மட்டக்குதிரையும் கவரிமாடும் ஏறி, நாட்கணக்கில் மலைவழி நடந்து பாரோவை அடைந்தார். உந்துவண்டி ஓடும் சாலை என்று ஒன்று அந்நாட்டில் அப்போது இல்லை. முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1961 இல் இந்தியப் பணத்தோடு தொடங்கியது. எல்லையிலுள்ள புன்சோலிங்கிலிருந்து உள்நாட்டுக்கு மலையைக் குடைந்து சாலை வெட்டினர். வீட்டுக்கு இத்தனை நாள் உழைப்பு என்று குடிகள் மீது கட்டாயம். போதாமைக்கு வெளியிலிருந்தும் நேபாளத் தொழிலாளர். சாலை வந்ததும் மருந்து வந்தது. மருந்தைத் தொடர்ந்து பாடநூல் வந்தது.

ஆசிரியத் தொழிலில் இருப்பதால் இந்தப் பகுதியை நாம் சற்று ஆவலோடு படித்தோம். படித்துக் கொடுக்க ஆளில்லாத நாடு, இந்தியாவிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தது. கேரளத்திலிருந்து சென்றோர் பலர். பெட்டியும் படுக்கையுமாகக் குளிர்மலையேறிக் குடில்களில் தங்கிப் பாடம் நடத்தினர். கனடா நாட்டுச் சேசு சபைத் துறவி வில்லியம் மாக்கே 1963 இல் வந்தார்; 1968 இல் கிழக்கே காங்லுங்கில் ஷெருப்சே என்னும் உயர்பள்ளி எழுந்தது; அதுவே பிற்காலத்தில் நாட்டின் முதற் கல்லூரி. பயிற்றுமொழி ஆங்கிலம். உடன் ட்சோங்கா ஒரு பாடம். தெற்கே நேபாளியும் ஒரு பாடம். யாருடைய நாவையும் யாரும் கட்டவில்லை. 1960 வாக்கில் நாற்பதைத் தொடாதிருந்த சராசரி ஆயுள் இன்று எழுபதைக் கடந்து நிற்கிறது. 2017 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 71 பேர் எழுத்தறிந்தோர். அறுபதாண்டுக்குள் இத்தனையும் செய்த சிறுநாட்டைப் பாராட்டாதார் கல்நெஞ்சினர்.

மூன்றாம் மன்னர் 1972 இல் மறைந்தார். பதினாறு வயது மகன் ஜிக்மே சிங்யே வாங்சுக் அரியணை ஏறினார். மகிழ்ச்சியே அளவுகோல் என்ற சொல் இவர் வாயில் பிறந்ததாகச் சொல்வர். தொடக்கத்தில் இவருடைய அரசும் வடக்கையும் தெற்கையும் ஒட்டவைக்க முயன்றது. வடபுலத்தாரும் தென்புறத்தாரும் மணம் செய்துகொண்டால் பணம் கொடுத்து ஊக்கியது! அந்தப் பணத்தை வாங்கிய மணமக்களை இன்னும் சில வரிகளில் மறுபடி சந்திப்போம்.

பிறகு ஏன் மாறியது? அச்சம். அந்த அச்சத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லிவிடுவது நேர்மையாகாது. பக்கத்துச் சிக்கிமும் பௌத்த முடியரசுதான். அங்கே குடியேறிய நேபாளியர் பெரும்பான்மையாயினர். 1975 இல் முடி விழுந்தது, சிக்கிம் இந்தியாவோடு இணைந்தது. 1980களின் நடுவே டார்ஜிலிங் மலையில் கூர்க்காலாந்து கேட்டுக் கிளர்ச்சி வெடித்தது. திம்புக் கோட்டையில் இருந்தோர் தெற்கே பார்த்தனர். நேற்று வரை உழவனாகத் தெரிந்தவன் இன்று படைஞனாகத் தெரிந்தான். வேலை தேடிச் சாலைப்பணிக்கு வந்து தங்கிவிட்ட புதியோரும் தெற்கே இருந்தனர் என்பது உண்மை. அவர்களைப் பிரித்தறிய ஓர் அரசு விரும்பினால் அதைக் குற்றம் என்று நாம் கூறோம். பிரித்த முறையைப் பார்ப்போம்.

1985 இல் புதிய குடியுரிமைச் சட்டம். 1958 டிசம்பர் 31 ஆம் நாளன்றோ அதற்கு முன்போ நாட்டில் நிலையாக வாழ்ந்து, பதிவேட்டில் பெயர் ஏறியவரே குடிகள். தந்தை பூட்டானியராக இருந்தால் போதும் என்ற பழைய விதி போயிற்று. தாயும் தந்தையும் இருவருமே குடிகளாக இருந்தால்தான் பிள்ளை குடி. இவ்வாயிலில் நுழைய முடியாதோர் மனுப்போட்டு வரலாம். ஆனால் ட்சோங்கா பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும். மன்னருக்கும் நாட்டுக்கும் எதிராக ஒரு சொல்லும் சொல்லியிருத்தல் கூடாது.

சட்டம் 1985 இல். அதன் பல் தெரிந்தது 1988 இல். அந்த ஆண்டு தென்மாவட்டங்களில் மட்டும் கணக்கெடுப்பு நடந்தது. மக்களை ஏழு வகுப்பாகப் பிரித்தனர். முதல் வகுப்பு, உண்மைப் பூட்டானியர். இரண்டாவது, வெளியேறித் திரும்பியவர். மூன்றாவது, கணக்கெடுத்தபோது ஊரில் இல்லாதவர். நான்காவது, பூட்டானியனை மணந்த அயல்நாட்டுப் பெண். ஐந்தாவது, பூட்டானியப் பெண்ணை மணந்த அயலான். ஆறாவது, தத்துப்பிள்ளைகள். ஏழாவது, அயலார். ஒரே கூரையின் கீழ் தந்தை ஒன்றாம் வகுப்பு, தாய் நான்காம் வகுப்பு! பாட்டனோ, 1958 ஆம் ஆண்டுச் சீட்டைக் காட்டும் வரை எந்த வகுப்பும் இல்லை. கலப்பு மணத்துக்கு ஊக்கப்பணம் கொடுத்த அரசே கலப்பு மணத்தை ஐயத்துக்குரிய கட்டத்தில் எழுதியது.

சீட்டுக்கு வருவோம். 1958 இல் வரி கட்டியதற்கு எழுத்துச் சான்று வேண்டும் என்றனர் அதிகாரிகள். அரசு தானே முன்பு வழங்கியிருந்த அடையாள அட்டையைக் காட்டினாலும் போதவில்லை. 1957 ஆம் ஆண்டுச் சீட்டைக் கொண்டுவந்தோர் இருந்தனர்: அதற்குப் பின் ஓராண்டு நீ வெளியே போயிருக்கலாமே! 1959 ஆம் ஆண்டுச் சீட்டைக் கொண்டுவந்தோர் இருந்தனர்: நீ அந்த ஆண்டில்தான் வந்தாய் போலும்! வாசகர்களே, எண்ணிப் பாருங்கள். முப்பதாண்டுக்கு முன் கட்டிய வரிக்கான காகிதம் நம்மில் எத்தனை பேர் வீட்டுப் பரணில் இருக்கிறது? அடிவாரத்து மழை, ஒழுகும் ஓலைக்கூரை, எழுத்தறியாக் கிழவன், மூங்கில் குழாயில் சுருட்டி வைத்த ஒரு துண்டுத் தாள். கரையானுக்கு அது பூட்டான் குடியுரிமை என்று தெரியுமா?

சிலரிடம் அந்தத் தாள் இருந்தது. எடுத்துக் காட்டினர், வென்றனர், தெற்கிலேயே தங்கினர். ஆக 1958 ஆம் ஆண்டின் சட்டம் கதவாகத் திறந்தது. அதே ஆண்டை 1988 இல் தாழ்ப்பாளாகத் திருப்பிப் போட்டனர். அடிமையை விடுவித்த ஆண்டின் பெயரால் உழவனை அயலான் ஆக்கினர்.

இன்னொரு விந்தையும் உண்டு. ஐக்கிய நாடுகள் அவையில் 1971 இல் சேர்ந்த காலம் முதல் தன் மக்கள் தொகை பத்து இலட்சம், அதற்கும் மேல் என்று கணக்குக் காட்டி வந்த அரசு, 1990 வாக்கில், ஆறு இலட்சமே என்றது. பாதிக்கு மேற்பட்ட மக்கள் ஏட்டிலேயே பிறந்து ஏட்டிலேயே மறைந்துவிட்டனர். அப்படிப்பட்ட கணக்குப் பிள்ளைகள்தாம் கிழவனிடம் வந்து, உன் சீட்டில் ஓராண்டு பிசகு என்றனர்!

தென்புறத்தாரின் சார்பில் மன்னரின் ஆலோசனை மன்றத்தில் அமர்ந்திருந்தவர் டேக் நாத் ரிசால். ஊர்களின் புலம்பலைக் கேட்டு, 1988 ஏப்பிரலில் மன்னருக்கு விண்ணப்பம் ஒன்று கொடுத்தார். போராட்ட முழக்கமன்று, பணிவான விண்ணப்பம். பதவி போயிற்று, பிடித்தடைத்தனர், விடுபட்டதும் நாட்டைவிட்டு வெளியேறினார். 1989 இல் நேபாளத்தில் அவரைப் பிடித்துப் பூட்டானிடம் ஒப்படைத்தனர். நான்கு ஆண்டுகள் கழித்து, 1993 இல், ஆயுள் தண்டனை. 1999 டிசம்பரில்தான் விடுதலை. மனுக் கொடுத்த குற்றத்துக்குப் பத்தாண்டுச் சிறை!

இதற்கிடையே 1989 இன் தொடக்கத்தில் மற்றோர் ஆணை. ஒரு நாடு, ஒரு மக்கள் என்பது முழக்கம். ஆண்கள் கோ என்னும் மேலங்கியும் பெண்கள் கிரா என்னும் நெய்த ஆடையுமே பொதுவிடங்களில் உடுத்த வேண்டும். வடக்கின் குளிருக்குத் தைத்த தடித்த ஆடை அது. தெற்கின் புழுக்கத்தில் வயலிலிருந்து கடைக்கு வரும் உழவனும் அதைப் போட்டுக்கொண்டுதான் வரவேண்டும், இல்லையேல் அபராதம். ஆடையையாவது கழற்றி மாற்றலாம். அதே ஆண்டில் தென்பகுதிப் பள்ளிகளின் பாடத்திட்டத்திலிருந்து நேபாளி மொழியை நீக்கினர். பல மொழி பேசும் நாடு என்று முன்னே சொன்னோமே, அந்த நாட்டில்! நாள்தோறும் கரும்பலகையின் முன் நிற்கும் நாம் இதை எண்ணிப் பார்க்கிறோம். ஆண்டின் தொடக்கத்தில் பிள்ளைகள் வகுப்புக்கு வருகிறார்கள். நேற்று வரை படித்த தாய்மொழிப் பாடவேளை அட்டவணையில் இல்லை. ஏன் என்று ஒரு சிறுவன் கேட்டால் ஆசிரியர் என்ன விடை சொல்லியிருப்பார்?

1990 செப்டம்பர், அக்டோபர் திங்கள்களில் தெற்கே பல்லாயிரவர் ஊர்வலமாகத் திரண்டனர். எல்லாரும் அறவழியில் நின்றார்கள் என்று நாம் எழுதப் போவதில்லை. பள்ளிகளும் அரசுக் கட்டடங்களும் தாக்குண்டன, கொலைகளும் நடந்தன. அக்குற்றங்களைச் செய்தோரை நீதிமன்றத்தில் நிறுத்தலாம், நிறுத்த வேண்டும். அரசு செய்தது அதுவன்று. குற்றம் செய்தவன் ஒருவன், தண்டனை ஊருக்கு! பள்ளிகளை மூடினர், அவற்றுள் சிலவற்றில் படை தங்கியது. மருத்துவமனைகளும் மூடின. சித்திரவதையும் பெண்கள் மீது வன்கொடுமையும் நிகழ்ந்ததாக அம்னெஸ்டி இண்டர்நேஷனல் நிறுவனம் 1992 இல் அறிக்கை வெளியிட்டது. உறவினன் ஒருவன் ஓடிப்போனால் இருப்போரும் போகவேண்டும் என்றாயிற்று. தாமே விரும்பிப் போவதாகத் தாள்களில் கையெழுத்து வாங்கினர். அந்தத் தாளில் இருந்த ட்சோங்கா எழுத்தைப் படிக்க அவர்களுள் பலருக்குத் தெரியாது. கையெழுத்திட்டபோது படமெடுத்தனர், சிரிக்கச் சொன்னார்கள் என்று வெளியேறியோர் பலர் பின்னர் கூறினர். மகிழ்ச்சியின் நாடல்லவா, படத்தில் சிரிப்பு வேண்டாமா!

மூடிய பள்ளிகள் மீண்டும் திறந்தபோது வாயிலில் ஒரு புதுக் காவல். சேர வரும் பிள்ளை, அதன் குடும்பத்தின் மீது ஐயமில்லை என்று காவல் துறையிடமிருந்து தடையின்மைச் சான்று வாங்கி வரவேண்டும். மாமன் அகதி முகாமில் இருந்தால் மருமகளுக்குச் சான்று கிடைக்காது. ஆறு வயதுச் சிறுமி அரசுக்கு ஆகாதவள்! அச்சான்று பின்னாளில் வேலைக்கும் வேண்டும், கடை வைக்கவும் வேண்டும், வெளிநாடு செல்லவும் வேண்டும் என்று வளர்ந்தது.

வெளியேறியோர் எங்கே சென்றனர்? பூட்டானுக்கும் நேபாளத்துக்கும் எல்லை ஒட்டவில்லை. இடையே இந்திய மண். இந்தியா அவர்களைத் தன்னிடம் தங்கவிடவில்லை. லாரிகளில் ஏற்றி நேபாள எல்லையில் கொண்டுபோய் விட்டனர். கிழக்கு நேபாளத்தில் மாய் ஆற்றின் மணற்படுகையில் மூங்கிலும் பிளாஸ்டிக் தாளும் கொண்டு குடிசை போட்டனர். தட்டம்மையும் வயிற்றுப்போக்கும் பிள்ளைகளை வாரிக்கொண்டு போயின. 1992 வாக்கில் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் வந்தனர். பிறகு ஐ.நா. அகதிகள் ஆணையம் வந்தது. ஜாபா, மொரங் மாவட்டங்களில் ஏழு முகாம்கள் எழுந்தன. எண்ணிக்கை ஒரு இலட்சத்தைத் தாண்டியது.

அந்த முகாம்களில் வந்தோர் முதலில் செய்த வேலைகளுள் ஒன்று என்ன தெரியுமா? பள்ளிக்கூடம் வைத்தனர். பலகை இல்லை, கட்டடம் இல்லை. அகதிகளுள் படித்தோர் ஆசிரியராயினர், மரத்தடி வகுப்பாயிற்று. பூட்டான் பள்ளிகளின் முறையையே பின்பற்றினர். ஆங்கிலம் கற்பித்தனர், நேபாளி கற்பித்தனர், அத்துடன் ட்சோங்காவும் கற்பித்தனர்! தம்மைத் துரத்தியோரின் மொழியை, தம் மொழியைப் பள்ளியிலிருந்து துரத்திய மொழியைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏன்? திரும்பிப் போகும் நாளில் பிள்ளைக்கு அது வேண்டுமே! நாட்டுப் பற்றில்லாதோர் என்ற பழியைச் சுமந்தவர்கள் இவர்கள்தாம்.

திரும்பும் நாள் வரவில்லை. பூட்டானும் நேபாளமும் 1993 இல் பேசத் தொடங்கிப் பத்தாண்டுகளில் பதினைந்து சுற்றுப் பேசின. பேச்சு வளர்ந்தது, பிள்ளைகளும் முகாமிலேயே வளர்ந்தனர். ஒரே ஒரு முகாமில், குடுனாபாரியில், பன்னிரண்டாயிரம் பேரைக் கூட்டாக விசாரித்து 2003 இல் முடிவு சொன்னார்கள். வலிந்து வெளியேற்றப்பட்டோர் நூற்றுக்கு 2.4 பேர். தாமே விரும்பிக் குடிபெயர்ந்தோர் 70.5. பூட்டானியரே அல்லாதோர் 24.2. எஞ்சியோர் குற்றவாளிகள். கணவனை முதல் வகுப்பிலும் மனைவியை இரண்டாம் வகுப்பிலும் எழுதவல்ல அதே கணக்கு! அவ்வாண்டு டிசம்பரில் முடிவை விளக்க வந்த பூட்டான் அதிகாரிகள் மீது முகாமில் கல் விழுந்தது. பேச்சும் அன்றோடு நின்றது. இந்தியாவோ, இது அவ்விரு நாடுகளின் வழக்கு என்று ஒதுங்கிக்கொண்டது. லாரி மட்டும் நம்முடையது!

பிறகு பூட்டானில் நல்ல செய்திகள் வந்தன என்பதும் வரலாறே. மன்னர் தாமே முன்வந்து அதிகாரத்தைக் குறைத்துக்கொண்டார், 2006 இல் மகனுக்கு முடியைத் தந்தார், 2008 இல் பொதுத்தேர்தல் நடந்தது, அரசியலமைப்பு வந்தது. பத்தாம் வகுப்பு வரை இலவசக் கல்வி, அடிப்படை மருத்துவம் இலவசம் என்று அதில் எழுதினர். நிலத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு காடாக இருக்க வேண்டும் என்றும் எழுதினர். பேச்சுரிமையும் எண்ண உரிமையும் அதில் உண்டு. வறிய நாடுகளின் பட்டியலிலிருந்து 2023 டிசம்பரில் பூட்டான் வெளியேறியது. கேட்கவே இனிக்கிறது. ஆனால் 1985 ஆம் ஆண்டின் பூட்டை அந்த அரசியலமைப்பு திறக்கவில்லை. 1958 டிசம்பர் 31 என்ற நாளும், தாய் தந்தை இருவரும் என்ற விதியும் அதற்குள்ளும் குடிபுகுந்தன. போனோரின் வயல்களில் பலவற்றில் வடபுலத்தாரைக் குடியேற்றியும் ஆயிற்று. பழைய கிளர்ச்சிகளின் பெயரால் சிறைப்பட்டோருள் குறைந்தது 37 பேர் இன்னும் சிறையில் இருப்பதாக 2023 இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் நிறுவனம் கணக்கிட்டது. மகிழ்ச்சிக் கணக்கு எடுத்த அலுவலர்கள் எவர் வீட்டையும் விட்டுவைக்கவில்லை என்றே கொள்வோம். இல்லாத வீட்டை எப்படித் தட்டுவார்கள்?

முகாமில் இருந்தோருக்கு 2007 இல் வேறொரு கதவு திறந்தது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, டென்மார்க், நார்வே, நெதர்லாந்து, பிரிட்டன் என்று எட்டு நாடுகள் ஏற்றுக்கொண்டன. 1,13,000 பேருக்கு மேல் பிரிந்து சென்றனர், பெரும்பகுதியினர் அமெரிக்காவுக்கு. சிலர் போக மறுத்தனர். "எமக்கு வேறு நாடு வேண்டாம், எம் வயல் வேண்டும்" என்பது அவர்கள் வாதம். ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் முகாமிலேயே தங்கினர். ஏலக்காய் விதைத்த கைகள் ஓஹையோவிலும் பென்சில்வேனியாவிலும் கிடங்குகளில் பெட்டி அடுக்கின. பிள்ளைகள் படித்தனர், வீடு வாங்கினர், அந்நாட்டுக் குடிகளாயினர். கதை இங்கே முடிந்தது என்றுதான் உலகம் எண்ணியது.

முடியவில்லை. குடியுரிமை பெறுமுன்னரே ஏதோ ஒரு வழக்கில் தண்டனை பெற்ற சிலரை 2025 மார்ச்சு முதல் அமெரிக்கா பூட்டானுக்கு வானூர்தியில் திருப்பி அனுப்பத் தொடங்கியது. கைக்குழந்தையாக வெளியேறியோரும், முகாமிலேயே பிறந்து பூட்டானைக் கண்ணாலும் காணாதோரும் அவர்களுள் இருந்தனர். பாரோவில் வந்து இறங்கினர். பூட்டான் அவர்களை வைத்துக்கொள்ளவில்லை. இந்திய எல்லையில் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து சிலர் மீண்டும் நேபாளம் சென்றனர், பெல்டாங்கி முகாமுக்கு. நுழைவுச் சீட்டின்றி வந்தார்கள் என்று நேபாளக் காவலர் அவர்களைப் பிடித்துச் சென்றனர்.